பதுக்கிய பணமும் வாங்கியவன் மனமும்

பதுக்கல் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை நமது வியாபாரிகள் அறிவர். அந்தப் பணத்தில் ஏன் பரக்கத் இல்லை என்று ஆராய்ந்தவர் இப்னு கல்தூன். 1332இல் தூனிஸில் பிறந்த இவ்வறிஞர், 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் இதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளார்.

உணவின்றி வாழ முடியாது. ஆகவே சொன்ன விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்த பின்பும் வாங்கியவனின் மனம் அந்தக் காசை விட்டு விலகுவதில்லை. பதுக்கியவனுக்கு வரும் கேடு அதனாலேயே என்பது அவரது விளக்கம். மற்றப் பொருட்களை விரும்பி வாங்குவதால் அங்கே மனம் அப்படித் தொங்கிக்கொண்டிருப்பதில்லை.

2022இல் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தக் கடையில் பின்கதவால் சாமான் போனது என்பதை இன்றும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

இதனால் அவரை வியாபாரிகளின் எதிரியாக எண்ண வேண்டாம். விலை நீண்டகாலம் வீழ்ந்து கிடந்தால் இலாபம் அற்று முதலும் கரையும், விவசாயியும் நொடிந்துபோவான் என்று அதே நூலில் எழுதியவரும் அவர்தான். நடுத்தர விலையும் சுறுசுறுப்பான சந்தையுமே அவர் விரும்பியவை. தானியத்துக்கு மட்டும் விலக்களித்தார்: அது எல்லோருக்கும் வேண்டியது, மலிவாயிருப்பதே நல்லது என்றார். அரிசிக் கடை முதலாளிமார் சற்று யோசிக்க வேண்டிய இடம் இது.