ஜாஸ் மேடையில் ஒரு மண்பானை

மரக்காணம் உப்பளத்துப் பாத்தியோரம் ஒலிக்கும் ரேடியோவுக்கு ஜாஸ் கொஞ்சம் தூரத்துச் சங்கதிதான். ஆனால் நம்மூர்க் கடம் அந்த மேடையேறி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன!

ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாக்லின். 1970களில் அவர் கண்ட 'சக்தி' குழுவில் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். பானையின் வாயை வயிற்றோடு அழுத்தினால் ஒரு நாதம், சற்றே விலக்கினால் வேறொன்று. உள்ளே அடைபட்ட காற்றின் வித்தை அது. கிட்டாரின் அசுர வேகத்துக்கு அந்தப் பானை சளைக்கவில்லை.

பின்னாளில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து சேர்ந்தார். பாடகர் சங்கர் மகாதேவனும் இணைந்த 'திஸ் மொமெண்ட்' தொகுப்புக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது.