உழைப்பின் களைப்பும் பாட்டும்

நாஞ்சில் நாட்டு வயல்களில் ஒலித்த நடவுப் பாட்டும், கடற்கரையில் வலை இழுப்போர் பாடிய அம்பாப் பாட்டும் வெறும் பொழுதுபோக்கல்ல. பலரின் மூச்சையும் கைகளையும் ஒரே தாளத்தில் இணைத்து, உழைப்பின் சுமையைக் குறைத்தவை. இன்று அலுவலகத்திலும், நோயாளியின் படுக்கையருகிலும் நாம் தனித்தனியே, மௌனமாகச் சோர்கிறோம். தீராத பணி அழுத்தம் தரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணி சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது.

நிமிடத்திற்கு 60 முதல் 80 தட்டுகள் வரை அமைந்த, மனத்துக்குப் பிடித்த மெல்லிசையைக் கேட்கையில் மூச்சு நிதானமடைகிறது, இதயத்துடிப்பும் தணியக்கூடும். வேலைக்கு நடுவே 10 நிமிடம் கேட்போம். இயன்றால் சேர்ந்து பாடுவோம்.

ஆயினும், இசை ஓய்வுக்கோ மருந்துக்கோ மாற்றாகாது. உறக்கமின்மையும் மனவாட்டமும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், நோயாளிக்காகக் காத்திருக்கும் நாமும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்வோம்.