தோல் வேலை தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்: பெல்ட், உறை, இயற்கைச் சாயம்

தோல் வேலையைப் புதிதாகக் கற்கத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பெல்ட்டுக்கு எந்தத் தோல் வாங்குவது? கத்திக்குச் செய்த உறை ஏன் வடிவம் நிற்காமல் தொளதொளக்கிறது? தேயிலைச் சாயமும் மஞ்சள் சாயமும் ஏன் சில நாட்களில் வெளுத்துவிடுகின்றன? இவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் பெரும்பாலானவற்றுக்கு விடை ஓரிடத்தில் இருக்கிறது. வாங்கிய தோல் எதைக் கொண்டு பதனிடப்பட்டது என்பதே அது. இதை அறியாமல் கருவிகளுக்கும் தோலுக்கும் பணம் செலவழித்துவிட்டுத் தம் கைத்திறனைக் குறைசொல்லிக் கொள்வோர் பலர்.

பதனிடுதல்: துவர்ப்பும் குரோமியமும்

விலங்கின் பச்சைத் தோல் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அப்படியே விட்டால் அழுகும், காயவைத்தால் விறைத்துவிடும். அழுகாமலும் விறைக்காமலும் அந்த இழைகளைக் கட்டி நிறுத்துவதே பதனிடுதல்.

பழைய முறையில் இந்த வேலையைச் செய்தவை மரப்பட்டைகளும் காய்களும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் ஆகியவை பயன்பட்டன. பின்னர் வாட்டில் மரப்பட்டையும் சேர்ந்துகொண்டது. இவை அனைத்துக்கும் பொதுவானது துவர்ப்பு. அந்தத் துவர்ப்பைத் தரும் பொருளே டானின். பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்கிறதே, அது டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நேர்வது. தொட்டியில் ஊறும் தோலிலும் நடப்பது ஏறத்தாழ இதுதான். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் விலைபோனது.

குரோமியம் உப்பால் பதனிடும் முறை 19ஆம் நூற்றாண்டில் உருவானது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இதைப் பரப்ப முயன்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாட்களில் முடிந்தது. தோலும் மென்மையாக வந்தது. உலகில் இன்று பதனிடப்படும் தோலில் மிகப் பெரும்பகுதி குரோமியத் தோல்தான். கடையில் வெறுமனே ‘தோல்’ என்று கேட்டால் கிடைப்பதும் பெரும்பாலும் அதுவே. கைப்பைக்கும் மேற்சட்டைக்கும் அது நல்ல பொருள். பெல்ட்டுக்கும் உறைக்கும் இயற்கைச் சாயத்துக்கும் அது பொருந்தாது.

பட்டையில் பதனிட்டது என்பதற்காக அதை மாசற்றது என்று எண்ணிவிட வேண்டாம். அதன் கழிவுநீரும் ஆற்றைக் கெடுக்கக் கூடியதே. பாலாற்றுப் படுகை மாசுபட்டது தொடர்பாக 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கின் தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது.

கடையில் தோலை எப்படி அறிவது?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றவை. சென்னையில் பெரியமேட்டுக் கடைகளில் தோல் சில்லறையாகவும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் வெட்டிய ஓரத்தை முதலில் பாருங்கள். குரோமியத் தோலின் நடுப்பகுதி நீலச்சாம்பல் நிறமாக இருக்கும். பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். ஓரத்துக்கும் சாயம் ஏற்றியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும்.

அப்போது நகத்தளவு துண்டு ஒன்றை வாங்கிக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடலாம். பட்டைத் தோல் சுருண்டு, சிறுத்து, கட்டியாகிவிடும். குரோமியத் தோல் பெரிதாக மாறாது. இந்தச் சோதனை இன்னொன்றையும் கற்றுத்தருகிறது: பட்டைத் தோலை ஒருபோதும் கொதிநீரில் நனைக்கக் கூடாது. சாயம் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

பெல்ட்

பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டைத் தோல் வேண்டும். மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஏற்றவை. அதைவிட முக்கியம், தோலின் எந்தப் பகுதி என்பது. முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் இழைகள் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்திருக்கும். வயிற்றுப் பகுதி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பெல்ட் செய்தால், சில மாதங்களில் அது நீண்டு, வளைந்து, பாம்புபோல் நெளியும்.

அளவெடுப்பதில்தான் தொடங்குவோர் அதிகம் தவறுகிறார்கள். கால்சட்டையில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பெல்ட் துணியின் மேல் சுற்றுவதால் அந்த எண்ணைவிட இரண்டு முதல் நான்கு அங்குலம் கூடுதலாகத் தேவைப்படும். இப்போது அணியும் பெல்ட்டை எடுத்து, பக்கிள் பொருந்திய மடிப்பிலிருந்து நீங்கள் வழக்கமாக மாட்டும் துளைவரை அளப்பதே சரியான வழி. அது 36 அங்குலம் என்று வையுங்கள். பக்கிளைச் சுற்றி மடிக்க 3 அங்குலம், நுனிக்கு 6 அங்குலம் சேர்த்து 45 அங்குல வார் வெட்ட வேண்டும். மடிப்பிலிருந்து 36ஆம் அங்குலத்தில் நடுத்துளை. அதற்கு இருபுறமும் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு துளைகள். அணிபவர் சற்று இளைத்தாலும் பருத்தாலும் பெல்ட் பயன்படும்.

அகலம் உங்கள் விருப்பம். அலுவலக உடைக்கு ஒன்றேகால் அங்குலமும் ஜீன்சுக்கு ஒன்றரை அங்குலமும் வழக்கம். வெட்டுவதற்கு முன் பக்கிளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியதில்லை.

வாரின் ஓரத்தை ஈரப்படுத்தி வழுவழுப்பான மரக்கட்டையால் வேகமாகத் தேய்த்தால் இழைகள் படிந்து கண்ணாடிபோல் பளபளக்கும். குரோமியத் தோலில் எவ்வளவு தேய்த்தாலும் இப்படி வராது, பஞ்சுபோல் பிரியும்.

தையல்

செருப்பு தைப்பவர் கொக்கி முனையுள்ள குத்தூசியால் போடும் தையலில் மேலிழை ஒன்று, கீழிழை ஒன்று. அவை நடுவில் கோத்துக்கொள்ளும். தையல் இயந்திரமும் இதையே செய்கிறது. வேகமான முறைதான். ஆனால் ஓரிடத்தில் அறுந்தால் அங்கிருந்து பிரியத் தொடங்கும். சேணம் தைப்பவர்களின் முறை வேறு. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் செலுத்துவார்கள். ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். கத்தி உறைக்கு இதுவே ஏற்றது. தேன்மெழுகு பூசிய நூலைத் தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு எடுத்துக்கொண்டால் போதும்; தோல் மிகத் தடிப்பாக இருந்தால் இன்னும் சற்றுக் கூட்டுங்கள்.

தோல் வேலை இன்று ஓய்வுநேரக் கலையாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இது நெடுங்காலம் சாதியின் பேரால் அருந்ததியர் போன்றோர்மீது சுமத்தப்பட்ட தொழில். செருப்பு, கமலையின் தோல் உறுப்புகள், மாட்டுக்கான வார்கள் ஆகியவற்றைச் செய்துதந்தவர்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். குத்தூசியின் கோணம், தோலின் எந்தப் பக்கம் நீளும் என்பன போன்ற நுட்பங்களை இன்றும் தெருவோரத்தில் அமர்ந்து செருப்பு தைக்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கும்போது அவர் நேரத்துக்குக் கூலி கொடுத்துக் கேட்பது முறை.

உறை

உறைக்கு 3 மில்லிமீட்டர் அளவுள்ள பட்டைத் தோல் போதும். கத்தி உறையில் அலகின் கூர்முனை ஓடும் பக்கத்தில் இரு தோல்களுக்கும் நடுவே ஒரு தோல் பட்டையைச் செருகித் தைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் கத்தியை உருவும் ஒவ்வொரு முறையும் கூர்முனை நூலை அறுக்கும். ஒருநாள் உறையைப் பிளந்துகொண்டு கையில் பாயும்.

தைத்த உறையைக் கை தாங்கும் வெதுவெதுப்பான நீரில் குமிழிகள் அடங்கும்வரை நனைக்க வேண்டும். கத்திக்கு எண்ணெய் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உள்ளே வைத்து, விரலால் அழுத்தி வடிவம் கொடுத்து, நிழலில் ஒருநாள் காயவிடுங்கள். நீர் புகும்போது டானினுக்கும் இழைக்கும் இடையிலுள்ள பிடி தளர்ந்து இழைகள் நகர்கின்றன. காயும்போது புதிய இடத்தில் மீண்டும் பிடித்துக்கொள்கின்றன. குரோமியத்தின் பிடி நீரில் தளர்வதில்லை. அதனால் அந்தத் தோல் எப்படி அழுத்தினாலும் பழைய நிலைக்கே திரும்பும். தொளதொளத்த உறையின் காரணம் இதுதான்.

துப்பாக்கி உறையும் இதே முறையில்தான் செய்யப்படுகிறது. ஆனால் இதில் பிழைக்கு இடமில்லை. விசையும் அதைச் சுற்றிய வளையமும் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியை உருவிய பின்னும் உறையின் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்க வேண்டும். அதற்காக வாயைச் சுற்றி இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைப்பார்கள். மென்மையான தோலோ தேய்ந்துபோன தோலோ மடிந்து விசை வளையத்துக்குள் நுழைந்தால், துப்பாக்கியை உள்ளே தள்ளும்போதே அது வெடிக்கக்கூடும். வடிவம் கொடுக்க உண்மைத் துப்பாக்கியைப் பயன்படுத்தாமல், அதே அளவில் வார்த்த பிளாஸ்டிக் மாதிரியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். முதல் வேலையாக இதை எடுக்காமல் நான்கைந்து கத்தி உறைகள் செய்து கை பழகிய பின் எடுப்பது நல்லது.

உறையில் கத்தியை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதிலுள்ள அமிலத்தன்மையும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பித்தளை பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும்.

இயற்கைச் சாயம்

வாழைப்பூவை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கையும் மனையும் கறுத்துப்போவதைப் பலரும் கண்டிருப்பார்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநிறம் உண்டாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த பழைய எழுதுமைக்கும், வெல்லநீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்துக் கலம்காரி ஓவியர்கள் எடுக்கும் கறுப்புக்கும் இதுவே அடிப்படை. துணிக்கு முதலில் கடுக்காய் ஏற்ற வேண்டும். பட்டைத் தோலுக்கு அது தேவையில்லை. டானின் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

செய்முறை எளிது. ஒரு கண்ணாடிப் புட்டியில் வெள்ளை வினிகர் ஊற்றித் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஒன்றிரண்டு வாரம் வைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகு நார் உதவாது, அது கரைவதில்லை. துத்தநாகம் பூசிய ஆணியும் வேண்டாம். மூடியை இறுக்கக் கூடாது. இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வெளிவரும்; அடைத்து வைத்தால் புட்டி வெடிக்கலாம், அருகில் தீ இருந்தால் ஆபத்து. பின்னர் நீரைத் துணியில் வடிகட்டித் தூரிகையால் தோலில் பூசினால், கண்முன்னே சாம்பலாகிச் சில நிமிடங்களில் கறுக்கும். கறுப்பு திட்டாக வந்தால் கெட்டியான தேயிலைச் சாற்றையோ கடுக்காய்க் கஷாயத்தையோ பூசி மீண்டும் முயலலாம்.

பிறகு ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து மெல்லத் துடைத்து, நல்ல நீரில் அலசி, காய்ந்ததும் எண்ணெய் இட வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் எஞ்சிய அமிலமும் இரும்பும் தோலை உள்ளிருந்தே அரிக்கும்; சில ஆண்டுகளில் மடிப்புகளில் வெடிக்கும். இரும்பு மையால் எழுதிய பழைய காகிதங்கள் எழுத்துள்ள இடத்தில் பொடிந்துபோவதும் இதனால்தான். சாயம் கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைப்பது இங்கே தவறு.

இந்தக் கறுப்பு இழைக்குள்ளேயே உருவாவதால் சட்டையில் ஒட்டுவதில்லை. மற்ற இயற்கைச் சாயங்களுக்கு இந்த நன்மை அரிது. தேயிலை இளம்பழுப்பு தரும், அவ்வளவே. மஞ்சள் முதல்நாள் கண்ணைப் பறிக்கும்; வெயிலில் வெளுக்கும்; வியர்வையில் துணிக்கு இறங்கும்; சோடா பட்டால் சிவக்கும். பீட்ரூட் தோலுக்குச் சாயமே அல்ல. மஞ்சிட்டி துணிக்கு அருமையான சிவப்பு. ஆனால் அதைச் சூட்டில் ஏற்றுவது வழக்கம்; சூட்டில் பட்டைத் தோல் சுருங்கிவிடும். அவுரி நீலத்துக்குக் காரக் கரைசல் வேண்டும். காரம் தோலைக் கறுக்கவும் நொறுங்கவும் செய்யும். நூலிலும் பட்டிலும் வெற்றிபெற்ற சாயம் தோலிலும் வெற்றிபெறும் என்று எண்ணிச் சோர்ந்துபோக வேண்டாம். துணி தாங்கும் சூட்டையும் காரத்தையும் தோல் தாங்காது.

சாயமே பூசாமல் நிறம் பெறும் வழியும் உண்டு. பட்டைத் தோலில் மெல்லிய பூச்சாக விளக்கெண்ணெய் தடவி, இளவெயிலில் நாள்தோறும் சிறிது நேரம் திருப்பித் திருப்பி வைத்தால், ஒரு வாரத்தில் தேன் நிறம் வரும். ஆளி விதை எண்ணெய் வேண்டாம்; அது காய்ந்து இறுகித் தோலை விறைக்கச் செய்யும். மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படத் தேவையில்லை. உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, மீண்டும் ஒரு துளி எண்ணெய் தடவலாம்.