ஜேசிபி வருமுன் சர்வே எண்ணை எழுதுங்கள்

கோலார் தங்கவயலின் கோரமண்டல், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் வட்டாரத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். ஏரிக் கால்வாயில் மண் கொட்டி மூடிய பிறகுதான் ஊர் கூடுகிறது. ‘இயற்கையைக் காப்பாற்றுங்கள்’ என்று மனு எழுதி, கையெழுத்து வாங்கி, கவுன்சிலரிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அந்த மனுவில் சர்வே எண் இருக்காது. சர்வே எண் இல்லாத மனுவை எந்த அலுவலகமும் தொடாது.

இங்குள்ள தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகள் 13, ஏறக்குறைய 3.3 கோடி டன், அப்படியே நிற்கின்றன. காற்றில் தூசியாகவும் மழையில் சேறாகவும் அந்த மண் இறங்குகிறது. அவற்றை மீண்டும் தோண்ட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மறுபக்கம், விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்க 2020 சட்டத் திருத்தம் ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால் எதுவும் கிடைக்காது. வரிசை வேண்டும். முதலில் ஏரியும் அதற்கு நீர் கொண்டுவரும் கால்வாயும். இவை போனால் கீழே உள்ள வயலும் கிணறும் போய்விடும். அடுத்து, மேடுகளிலிருந்து மழைநீர் இறங்கும் பாதையில் உள்ள விளைநிலம். மூன்றாவது, கோமாளா என்னும் மேய்ச்சல் நிலமும் பாறைக் குன்றைச் சுற்றிய புதர்க்காடும். ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று முதலில் லேஅவுட்டுக்குப் போவது இதுதான்.

இனி செய்யவேண்டியது. சர்வே எண் காட்டும் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைத் திறந்து அந்த இடத்திலேயே நில்லுங்கள். சர்வே எண் தெரியும். அந்த எண்ணுக்குப் பஹணி என்னும் நில உரிமைப் பதிவை எடுங்கள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றிய நிலம் மூடிய சுரங்கக் கம்பெனியின் பெயரில் இருக்கிறதா, அரசு நிலமா என்பதைப் பஹணி சொல்லும். பிறகு உங்கள் பஞ்சாயத்திலோ நகரசபையிலோ பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அது இருந்தாகவேண்டும். அதன் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் ஏரி, புதர்க்காடு, மேய்ச்சல் நிலம் எல்லாம் சர்வே எண்ணோடு ஏறவேண்டும்.

வாயால் கேட்டால் ‘ஆகட்டும்’ என்பார்கள். ஆகாது. குழுவும் பதிவேடும் இருக்கின்றனவா என்று தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், 150 சொற்களுக்குள். கன்னடத்தில் எழுதுங்கள், தமிழில் எழுதித் திருப்பியனுப்பக் காரணம் தராதீர்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

இப்படி நிலத்தைக் காகிதத்தில் பதியவைப்பதன் பலன் தெரியவேண்டுமானால் மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022இலேயே அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, போராடிய மக்களின் கையில் அந்த அறிவிப்பும் இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

மேடுகளைத் தோண்டுவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொது விசாரணை அறிவித்தால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டின் கன்னடச் சுருக்க அறிக்கையை வாங்கிப் படியுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்துக் காட்டவேண்டும்; நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

எங்கும் பலிக்காவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். கவுன்சிலர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருந்தால் அந்தக் கெடு ஓடிவிடும். இந்த வாரமே ஏரியின் சர்வே எண்ணை எடுங்கள். ரசீதோடு மனு கொடுங்கள்.