டர்போ பூட்டுவதற்கு முன்னர் எஞ்சினிடம் கேட்க வேண்டியவை

கொட்டாஞ்சேனையில் உள்ள எனது கராஜில் இரண்டு வாகனங்கள் நிறுத்தத்தான் இடமுண்டு. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையிலிருந்து ஒரு இளைஞர் மஸ்டா ஆர்.எக்ஸ்-8 கார் ஒன்றைக் கொண்டுவந்தார். டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே பாவித்த டர்போ ஒன்று, சில குழாய்கள், ஒரு இன்டர்கூலர்.

"அண்ணை, சாமான் எல்லாம் எடுத்து வைச்சிட்டன். நீங்கள் பூட்டித் தந்தால் காணும்."

"தம்பி, பூட்டுறது ரெண்டு மூண்டு நாள் வேலை. பூட்டினதை இந்த எஞ்சின் தாங்குமோ எண்டு முதல் பாப்பம்" என்றேன்.

அவரது முகம் வாடிவிட்டது. அந்தக் கார் கனடாவிலிருக்கும் அக்கா அனுப்பிய காசிலும் அவரது ஐந்து வருடச் சேமிப்பிலும் வாங்கியது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த எஞ்சின் போனால் இன்னொன்று வாங்க அவரிடம் வழியில்லை. அவருக்கு அன்று நான் விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படிக் கேட்டு வருபவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்ல.

பிஸ்டன் இல்லாத எஞ்சின்

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடுப்பில் சற்று ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள், மூன்று மூலை கொண்ட ரோட்டர் ஒன்று சுழலும். அதன் ஒவ்வொரு பக்கமும் காற்றையும் பெற்றோலையும் இழுத்து, அமுக்கி, எரித்து, வெளியேற்றும். ஜேர்மனியரான ஃபெலிக்ஸ் வாங்கலின் எண்ணத்தில் பிறந்த இந்த எஞ்சினை 1964 இல் என்.எஸ்.யூ. நிறுவனம் முதலில் காரில் விற்றது. 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் காருடன் மஸ்டா இறங்கியது. மற்ற நிறுவனங்கள் கைவிட்ட பின்னரும் மஸ்டா விடவில்லை.

ரோட்டரின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அதை அபெக்ஸ் சீல் என்போம். ஆர்.எக்ஸ்-8 இல் அதன் தடிப்பு 2 மில்லிமீற்றர் மட்டுமே. கூட்டின் சுவரோடு உரசி ஓடிக்கொண்டே, எரியும் வாயு அடுத்த அறைக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. எஞ்சினின் உயிர் அதில்தான் இருக்கிறது.

டர்போ என்ன செய்கிறது

டர்போ புதிய விடயமல்ல. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூஹி 1905 இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையை ஒரு சிறிய காற்றாடியில் மோதவிட்டால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேலும் சுழலக்கூடும்.

நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். டர்போ அதற்கு மேல் 0.5 பார் தள்ளினால் எஞ்சினுக்குள் போகும் காற்று கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அந்தக் காற்றுக்கேற்ற பெற்றோலும் போனால்தான் சக்தி கூடும். டர்போ தருவது காற்றை மட்டும். மிச்சத்தை எஞ்சின் சமாளிக்க வேண்டும். அமுக்கிய காற்று சூடாகும். அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர்.

ரோட்டரிக்கும் டர்போவுக்கும் நல்ல பொருத்தம் உண்டு. இந்த எஞ்சினின் புகை அதிக சூட்டோடும் வேகத்தோடும் வெளியேறும். 1982 இல் இருந்தே மஸ்டா டர்போ ரோட்டரிக் கார்களை விற்றது. ஆனால் டர்போ வைத்த எஞ்சின்களை மஸ்டா வேறு விதமாகக் கட்டியது. 1989 ஆர்.எக்ஸ்-7 இன் சாதாரண எஞ்சினில் அமுக்க விகிதம் 9.7, அதே காரின் டர்போ எஞ்சினில் 9.0. ஆர்.எக்ஸ்-8 இன் எஞ்சினில் அது 10. அந்தக் காருக்கு மஸ்டா டர்போ வைக்கவேயில்லை.

ஏற்கனவே இறுக்கமாக அமுக்கும் எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணித்தால், பிளக் பொறி பரவி முடியுமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். இதைத்தான் நொக்கிங் என்கிறோம். பிஸ்டன் எஞ்சின் கொஞ்ச நேரம் அதைத் தாங்கும். ரோட்டரியில் சில நொடி நொக்கிங் போதும், அபெக்ஸ் சீல் உடைந்துவிடும். உடைந்த துண்டு கூட்டின் சுவரைக் கீறும். வெளியே போனால் டர்போவின் காற்றாடியில் மோதும். இரண்டும் ஒன்றாகப் போகும்.

மண்ணெண்ணெய் படிப்பித்தது

நொக்கிங்கை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்குப் 12 வயது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத காலம். மாமாவின் கராஜில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் குழாயால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவோம். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம்.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. ஒக்டேன் என்பது நொக்கிங்கைத் தாங்கும் அளவு. ஆகவே மாமா ஹெட் காஸ்கற்றைத் தடிப்பாக்கி அமுக்கத்தைக் குறைப்பார், பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவார். டர்போவுக்காக மஸ்டா செய்ததும் இதே வேலைதான் என்பது பல வருடங்களுக்குப் பின்னர்தான் எனக்கு விளங்கியது.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுதும் வெளிக்கிட்டபோது மாமாவின் ஏ40 ஐ நான்தான் ஓட்டினேன். உள்ளே அம்மம்மாவோடு எட்டுப் பேர். மழை. நாவற்குழி வரை சனத்துக்குள் மணிக்கணக்காக ஊர்ந்ததில் எஞ்சின் கொதித்துவிட்டது. பாலம் தாண்டி வழி கொஞ்சம் திறந்ததும் அக்சிலேற்றரை அமத்தினேன். 'டிக் டிக்' என்று நொக்கிங் கேட்டது. "நிப்பாட்டடா, ஆறட்டும்" என்று மாமா கத்தினார். பின்னால் செல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிற்பாட்டவில்லை. அடுத்த அரை மைலில் எஞ்சின் செத்துவிட்டது. அம்மம்மாவை உள்ளே வைத்து விடியும்வரை தள்ளினோம். பிறகு சாவகச்சேரியில் கழற்றிப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலையில் விரல் போகும் ஓட்டை.

அந்த இரவு வேறு யாரும் நின்றிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எஞ்சின் சொன்னதை நான் கேட்கவில்லை. ஆர்.எக்ஸ்-8 தம்பிக்கு இந்தக் கதையையும் சொன்னேன். பிஸ்டன் எஞ்சின் எனக்கு அரை மைல் அவகாசம் தந்தது. ரோட்டரி அதையும் தராது. அதன் இரைச்சலில் நொக்கிங் காதுக்குக் கேட்கும்போது பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

வேலையின் ஒழுங்கு

ஆகவே டர்போ கடைசியில்தான் வரவேண்டும். நான் பார்க்கும் ஒழுங்கு இது.

முதலாவது, அமுக்கப் பரிசோதனை. ரோட்டரிக்குச் சாதாரண கேஜ் சரிவராது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். ஆர்.எக்ஸ்-8 க்கு மஸ்டா சொல்லும் ஆகக் குறைந்த அளவு, ஸ்ராட்டர் 250 சுற்றில் சுழற்றும்போது 6.9 கிலோ.

இரண்டாவது, குளிர்விப்பு. ரோட்டரியில் எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் நடக்கும். அந்தப் பக்கம் கொதிக்கும், மறுபக்கம் குளிர்ந்திருக்கும். சூடு கூடினால் கூடு வளையும், தண்ணீர் சீல் போகும். பின்னேரம் ஐந்து மணிக்கு காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை ஊரும்போது இன்டர்கூலருக்குக் காற்றே கிடைக்காது. ஆகவே றேடியேற்றர், ஒயில் கூலர், விசிறி மூன்றும் திறமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பெற்றோல். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்பது சாதாரணக் கணக்கு. டர்போ தள்ளும்போது ரோட்டரிக்கு 11 பங்கு காற்றுக்கு ஒன்று என்ற அளவில் கொடுக்க வேண்டும். மேலதிக பெற்றோல் அறையைக் குளிரவைக்கும். கம்பனி இன்ஜெக்ரரும் பெற்றோல் பம்பும் இதற்குக் காணாது. எஞ்சின் கொம்பியூட்டரையும் புதிதாக அமைத்து, பொறி நேரத்தைப் பின்தள்ள வேண்டும். காற்று, பெற்றோல் கலவையை அளக்கும் கேஜ் கட்டாயம். 92 ஐ மறந்து 95 ஒக்டேன் மட்டுமே அடிக்க வேண்டும்.

நான்காவது, ஒயில். ரோட்டரி தன் சீல்களை நனைக்க ஒயிலைத் தானே கொஞ்சம் எரிக்கும், அது பழுதல்ல. ஆனால் கிழமைக்கொருமுறை அளவு பார்க்க வேண்டும். டர்போவும் அதே ஒயிலில்தான் ஓடும். வேகமாக ஓடிவந்து உடனே நிற்பாட்டினால் உள்ளே நிற்கும் ஒயில் கருகிவிடும். ஒரு நிமிடமாவது ஐடிலில் விட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் அது தேற வேண்டும். இல்லாவிட்டால் வாகன லைசன்ஸ் புதுப்பிக்க முடியாது.

இவை எல்லாவற்றையும் கூட்டினால், டர்போவின் விலை மொத்தச் செலவில் சிறிய பங்குதான். சக்திக்கு டர்போ ஒன்றே வழி என்றுமில்லை. 1991 இல் லு மான் 24 மணிநேரப் போட்டியில் வென்ற மஸ்டா 787பி காரில் நான்கு ரோட்டர் இருந்தது, டர்போ இருக்கவில்லை.

அளந்து பார்த்தபோது

தம்பியின் காரை அன்று பின்னேரமே அளந்தோம். முன் ரோட்டர் 7.6, 7.5, 7.7. பின் ரோட்டர் 6.4, 6.3, 5.6. பின்னால் ஒரு சீல் ஏற்கனவே தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் டர்போ பூட்டியிருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்குமோ தெரியாது.

அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு, "இதைத் திருத்த எவ்வளவு வரும் அண்ணை?" என்றார். சொன்னேன். டர்போவையும் இன்டர்கூலரையும் பஞ்சிகாவத்தையில் விற்றார். மிச்சத்துக்குக் காசு சேர்க்க அவருக்கு மூன்று மாதம் எடுத்தது. புதிய சீல்கள் போட்டு எஞ்சினை மீளக் கட்டினோம்.

போன கிழமை கார் சர்வீசுக்கு வந்தது. திரும்பவும் அளந்தோம். ஆறு இலக்கமும் 8 க்கு மேல்.

"இப்ப தாங்குமோ அண்ணை?"

"இப்ப அதைப்பற்றிக் கதைக்கலாம்" என்றேன். றேடியேற்றரிலிருந்து தொடங்கும் பட்டியலை எழுதிக் கையில் கொடுத்தேன். டர்போவை ஆகக் கீழே எழுதியிருந்தேன்.