கண்டிச்சீமையும் 'போதுமான விலை'யும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பழைய பேச்சில் இலங்கை என்றால் கண்டிச்சீமை. அங்கே போனவர்களைக் 'குடியேறினவுக' என்று யாரும் சொன்னதில்லை; 'பொழைக்கப் போனவுக' என்றுதான் பேச்சு. இந்தச் சொல் வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கோட்பாட்டு வரலாறு இருக்கிறது.

எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட், லண்டன் நியூகேட் சிறையில் இருந்தபடியே 1829-இல் குடியேற்றம் பற்றி எழுதினார். அவர் கண்ட சிக்கல் எளிமையானது. ஆஸ்திரேலியா மாதிரி இடத்தில் நிலம் மலிவாகக் கிடைத்தால் கூலியாள் சொந்தமாகப் பயிர் வைக்கப் போய்விடுவான், முதலாளிக்கு ஆளிருக்காது. (அது ஆதிக்குடிகளின் நிலம் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை.) எனவே அரசு நிலத்துக்குப் 'போதுமான விலை' வைக்க வேண்டும். அதைச் சேர்க்கிறவரை தொழிலாளி கூலிக்கு உழைப்பான். விற்ற பணத்தில் இங்கிலாந்திலிருந்து அடுத்த ஏழையைக் கப்பலேற்றலாம். 1836-இல் தெற்கு ஆஸ்திரேலியக் காலனி இந்தக் கணக்கில்தான் எழுந்தது.

1867-இல் வந்த 'மூலதனம்' முதல் தொகுதியை மார்க்ஸ் முடிப்பதே வேக்ஃபீல்டை வைத்துத்தான். பீல் என்ற முதலாளி 50,000 பவுன் பெறுமான சாதனங்களோடும் ஆட்களோடும் ஸ்வான் ஆற்றங்கரைக்குப் போனார். கடைசியில் படுக்கை விரிக்கக்கூட ஆளில்லை. மூலதனம் என்பது பொருளல்ல, மனிதருக்கிடையிலான உறவு. எதுவும் இல்லாதவன் ஒருவன் இருந்தால்தான் முதலாளி முதலாளி.

அதே காலத்தில் இலங்கையில் என்ன நடந்தது? 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாக்கியது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்குக் காப்பித் தோட்டக்காரர்கள் வாங்கினார்கள். 1844-இல் விலை ஒரு பவுனாக உயர்ந்தது. ஆனால் மலையேறிய தமிழ்த் தொழிலாளியை நிலத்தை அண்டவிடாமல் நிறுத்த இந்த விலை தேவைப்படவேயில்லை. போனவர்களில் கணிசமானோர் பள்ளர், பறையர், சக்கிலியர். அவர்களை நிலத்திலிருந்து பிரிக்கும் வேலையைச் சாதி இங்கேயே முடித்திருந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சம் இன்னும் பலரைத் துரத்தியது.

மீதியைக் கடன் பார்த்துக்கொண்டது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் பற்றில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமானால் துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும்; புதுத் தோட்டம் பழைய கடனைத் தீர்க்க வேண்டும். ஆள் நகர்ந்தால் கடனும் கூடவே நகரும். 1921-இல்தான் சட்டம் இந்த முறையை ஒழித்தது.

வேக்ஃபீல்டின் வெள்ளைத் தொழிலாளிக்கு விலை ஒரு வேலி. சில வருஷத்தில் தாண்டலாம் என்ற வாக்குறுதியாவது உண்டு. நம்மாளுக்கு வேலி கடன். அதற்கப்பால் நிலம் என்ற பேச்சே இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்து, 1,50,000 பேரைப் பிற்பாடு பார்க்கலாம் என்று விட்டது.

நிலப் பிரச்சினை பேசுகிறவர்கள் இதைப் புலம்பெயர்வு என்று தள்ளிவைக்கிறோம். புலம்பெயர்வு பேசுகிறவர்கள் ஊர்ச்சேரியைத் தொடுவதில்லை. புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் திருநெல்வேலிச் சேரியையும் தேயிலைத் தோட்டத்தையும் ஒரே கதைக்குள் வைத்தார். நமது அரசியல் இன்னும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது.