ரயில் முந்தியது; தண்ணீர் பிந்தியது!

மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். பெரியாற்றுத் தண்ணீர் வந்தது 1895-ல். இரண்டுக்கும் நடுவே 20 ஆண்டு. அந்த 20 ஆண்டுக்குள்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென்னாடே சுடுகாடு ஆயிற்று.

ரயில் ஏன் முந்தியது? தண்ணீர் ஏன் பிந்தியது?

மலையும் காடும் வழி மறித்தது உண்மைதான். ஆனால் அவற்றை விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அது பணம். "பணத்தைப் போடுவது யார்? லாபம் யாருக்கு? நஷ்டம் வந்தால் யார் தலையில்?" என்ற மூன்று கேள்விகள்தான் எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்தன.

அந்தக் கதை மதுரைச் சீமையில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய கதை.

சேதுபதி காலத்து யோசனை

மேற்கு மலையில் பெய்யும் மழை பெரியாற்றில் ஓடி அரபிக் கடலில் விழுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் வைகை. அதில் பல மாதம் மணல்தான் ஓடும். "அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன?" என்ற எண்ணம் வெள்ளைக்கார என்ஜினீயர்களுக்கு முதலில் தோன்றியது அல்ல.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் சேதுபதியிடம் பிரதானியாக இருந்தவர் முத்திருளப்ப பிள்ளை. அவர் மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். "முடியும்" என்று பதில் வந்தது. ஆனால் கையில் பணம் இல்லை. யோசனை அப்படியே நின்றுவிட்டது.

பிறகு கம்பெனி ஆட்சி வந்தது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் என்ற அதிகாரி மலையைப் பார்த்துவிட்டு, "இது நடக்காத காரியம்" என்று எழுதிவிட்டார். 1850-ல் சிறு வேலை ஒன்று தொடங்கினார்கள். காய்ச்சல் வந்து கூலியாட்கள் நிற்கவில்லை. அதுவும் போயிற்று. 1867-ல் ரைவ்ஸ் என்ற என்ஜினீயர் மண் அணை கட்ட ஒரு திட்டம் கொடுத்தார். அதன்மேல் காகிதம் எழுதியே வருஷங்கள் ஓடின.

ஐந்து வட்டி மாயம்

இதே காலத்தில் ரயில் பாதை மட்டும் மளமளவென்று வளர்ந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய பாதை 1862-ல் திருச்சிக்கு வந்தது. 1875-ல் மதுரையைத் தொட்டது. 1876 பிறந்ததும் தூத்துக்குடித் துறைமுகத்தை எட்டியது.

அதற்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?

லண்டனில் பங்கு விற்று வந்தது. பங்கு வாங்கியவர்கள் சீமைப் பணக்காரர்கள். அவர்கள் கண்காணாத தேசத்தில் பணம் போடத் துணிந்த ரகசியம் இதுதான்: "வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம். ரயில் சம்பாதித்தாலும் சரி, சம்பாதிக்காவிட்டாலும் சரி" என்று சர்க்கார் எழுதிக் கொடுத்தது. பாதை போட நிலமும் இலவசம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 100 ரூபாய் போடுகிறார். ரயில் அதற்கு 3 ரூபாய்தான் சம்பாதிக்கிறது. குறைகிற 2 ரூபாயை யார் கொடுப்பது? இந்தியக் கஜானா. அந்தக் கஜானாவை நிரப்பியது யார்? நிலவரி கட்டிய குடியானவர், உப்பு வரி கட்டிய ஏழை. லாபம் வந்தால் பங்குதாரருக்கு. நஷ்டம் வந்தால் உழவனுக்கு!

தண்ணீருக்கும் இப்படி ஒரு கம்பெனி வந்தது உண்டு. கர்நூல், கடப்பைக் கால்வாயை வெட்ட வந்த அந்தக் கம்பெனி நொடித்துப் போயிற்று. 1882-ல் சர்க்காரே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தச் சூடு கண்ட பிறகு எந்தச் சீமைப் பணக்காரர் இந்திய வாய்க்காலில் பணம் போடுவார்?

சர்க்கார் தானே கடன் வாங்கி அணை கட்டலாம் என்று விதி செய்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. வாங்கிய கடனுக்கு உரிய வட்டியை அந்த அணையே சம்பாதித்துத் தர வேண்டும். ரயிலுக்கு இல்லாத பரீட்சை தண்ணீருக்கு!

கோதாவரியில் அணை கட்டிப் பேர் பெற்ற சர் ஆர்தர் காட்டன் இதைப் பொறுக்கவில்லை. "இந்தியாவுக்கு முதலில் வேண்டியது தண்ணீர்; ரயில் பிறகு" என்று சீமையிலும் வாதாடினார். 1878-ல் பார்லிமெண்ட் கமிட்டி முன்னும் இதையே சொன்னார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர்கள் அதிகம்; கேட்டு நடந்தவர்கள் குறைவு.

பஞ்சம் கேட்ட கேள்வி

1876-ல் மழை பொய்த்தது. தொடர்ந்து 1878 வரை பஞ்சம். தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

ரயில் இருந்தது. தானியமும் வந்து இறங்கியது. ஆனால் விலை ஏறிக்கொண்டே போயிற்று. விளைச்சலும் வேலையும் இல்லாதவன் மடியில் காசு ஏது? ஸ்டேஷனில் மூட்டை அடுக்கியிருந்தாலும் அவன் வீட்டு அடுப்பு எரியவில்லை.

அந்த வேளையிலும் கஜானாக் கணக்கு நிற்கவில்லை. செலவைச் சுருக்கும்படி மேலிடம் அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள். பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்த ஆண்பிள்ளைக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று அவர் வைத்தார். "இதைத் தின்று உழைத்தால் உயிர் நிற்காது" என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்த பிறகே கூலி கொஞ்சம் உயர்ந்தது.

பஞ்சம் ஓய்ந்ததும், இனி பஞ்சம் வந்தால் சமாளிக்க என்று புது வரி போட்டு நிதி சேர்த்தார்கள். அந்தப் பணம் ஆப்கன் யுத்தத்துக்குப் போகிறது என்று பத்திரிகைகள் குற்றம் சாட்டின. ஒரு காரியத்துக்கு என்று வரி வாங்கி வேறு காரியத்துக்குச் செலவிடுகிறார்கள் என்ற புகார் இந்த நாட்டில் அப்போதே உண்டு!

ஆயினும் பஞ்சம் ஒன்றைச் செய்தது. பெரியாற்றுத் திட்டத்தை இனியும் கட்டிவைக்க முடியாத நிலையை உண்டாக்கியது. 1882-ல் புதிய திட்டமும் மதிப்பும் தயாரிக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக் என்ற என்ஜினீயரிடம் வந்தது.

ஏக்கருக்கு ஐந்து ரூபாய்

அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நெடுநாள் பேச்சுக்குப் பிறகு 1886 அக்டோபர் 29-ம் தேதி குத்தகை எழுதினார்கள். காலம் 999 ஆண்டு. நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷ வாடகை 5 ரூபாய். ஆக 40,000 ரூபாய். அதையும் ரொக்கமாகக் கொடுக்கவில்லை. சமஸ்தானம் பிரிட்டிஷாருக்குக் கட்ட வேண்டிய கப்பத்தில் கழித்துக்கொண்டார்கள்.

இடம் கொடுத்தவர் சமஸ்தான ராஜா. கேட்டவர் அவருக்கும் மேலே அதிகாரம் செய்த பிரிட்டிஷ் சர்க்கார். சரிசமமானவர்கள் செய்த பேரமா அது என்ற கேள்வி கேரளத்தில் இன்றும் எழுகிறது. எழுதியது எழுதியதுதான் என்பது தமிழ்நாட்டின் வாதம். 1970-ல் இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கின. அந்தத் தண்ணீரில் எடுக்கும் மின்சாரத்துக்கும் தமிழ்நாடு கேரளத்துக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டது.

1887-ல் வேலை தொடங்கியது. அடர்ந்த காடு. யானை, அட்டை, மலேரியா. போட்ட அடைப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் போயிற்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்த்து 1,200 அடி நீளத்துக்கு அணை எழும்பியது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் போட்டார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். தண்ணீர் மலை தாண்டிச் சுருளியாற்றில் விழுந்து வைகையில் சேர்ந்தது.

சொத்தை விற்றாரா?

"வெள்ளத்தில் அணை போனதும் சர்க்கார் பணத்தை நிறுத்திவிட்டது. பென்னிகுயிக் சீமையில் இருந்த சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார்." இது தேனி, கம்பம் பக்கம் பாட்டிமார் சொல்லும் கதை. இன்றும் ஜனவரி 15-ல் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

அவருடைய உழைப்பு பெரிது. அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் சொத்தை விற்றார் என்ற செய்திக்குச் சர்க்கார் ஏடுகளில் ஆதாரம் இல்லை. அணைக்குச் செலவானது சென்னை மாகாணக் கஜானாப் பணம்.

இதைச் சொல்வது அவர் புகழைக் குறைப்பதற்காக அல்ல. கதையில் மறைந்துபோன வேறு சிலரையும் நினைப்பதற்காக. கஜானாவை நிரப்பிய குடியானவர்கள் ஒருபுறம். புதிதாகத் தண்ணீர் பாய்ந்த நிலத்துக்குத் தண்ணீர்த் தீர்வை கட்டி, செலவை ஈடு செய்தவர்கள் ஒருபுறம். காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட நூற்றுக்கணக்கான கூலியாட்கள் இன்னொரு புறம். பணம் கொடுத்தவர்களும் அவர்கள். உயிர் கொடுத்தவர்களும் அவர்கள்.

பலன் என்ன? பேரணையிலிருந்து பிரிந்த பெரியாற்றுக் கால்வாய் வாடிப்பட்டியையும் மேலூரையும் பச்சையாக்கியது. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன.

ஓட்டு வந்த பிறகு

சுதந்திரம் வந்தது. ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை எழுந்தது. 1959 ஜனவரி 21-ல் முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்தார். இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெரியாற்று அணைக்குப் பணம் கேட்டுக் கோப்பு சீமைக்குப் போயிற்று. வைகை அணைக்குப் பணம் ஒதுக்கியவர்கள் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகள். "எங்கள் ஊருக்கு என்ன செய்தாய்?" என்று கேட்கும் உரிமை மேலூர்க் குடியானவருக்கும் வந்தது.

அப்படியானால் பழைய மூன்று கேள்விகளும் தீர்ந்துவிட்டனவா? தீரவில்லை.

2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் ஆஸ்பத்திரி என்று அறிவித்தார்கள். 2018-ல் மதுரைக்கு அருகே தோப்பூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 ஜனவரி 27-ல் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். பணத்தில் பெரும்பகுதி ஜப்பான் நாட்டுக் கடன். அந்தக் கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தாயிற்று. அந்த ஆண்டு சட்டசபைத் தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைக் கையில் தூக்கிக் காட்டி, "இதுதான் எய்ம்ஸ்" என்று ஊர் ஊராகக் கேலி செய்தார். கடன் ஒப்பந்தமும் கொரோனாவும் தாமதத்துக்குக் காரணம் என்று மறுபக்கம் பதில் வந்தது. 2022-ல் சேர்ந்த முதல் மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் படித்தார்கள். 2024-ல்தான் தோப்பூரில் கட்டட வேலை தொடங்கியது. முதலில் 1,264 கோடி என்று போட்ட மதிப்பு அதற்குள் 1,977 கோடியாக ஏறிவிட்டது. காலதாமதத்துக்கும் விலை உண்டு!

மதுரை மெட்ரோ ரயில் திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. ஜனத்தொகை போதாது என்றது. "வேறு ஊர்களுக்குக் கொடுத்தீர்களே!" என்று மாநில அரசு கேட்டது. அன்று லண்டனுக்கும் சென்னைக்கும் நடந்த வழக்கு, இன்று டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கிறது.

அடிக்கல் நாட்டுகிறார்கள் என்றால் கூட்டம் கூடும்; மாலை விழும். அதோடு மூன்று கேள்விகளும் விழ வேண்டும். பணம் யாருடையது? எப்போது வரும்? கடன் என்றால் திருப்பிக் கட்டுவது யார்? பெரியாற்றுத் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதைக் கேட்க வாய் இருந்தது, ஓட்டு இல்லை. அவர்கள் பேரப் பிள்ளைகளுக்கு இரண்டும் இருக்கின்றன.